கூலி என்பது சம்பளத்தின் பெயர்

கூலி என்பது நம்முடைய சொல். பகலெல்லாம் உழைத்தவன் பொழுது சாய்ந்ததும் பெறுகின்ற ஊதியத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. வள்ளுவர் பெருமானும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், முயற்சிக்குக் கிடைக்கும் பயனைக் குறிக்க இந்தச் சொல்லைத்தான் எடுத்தாண்டிருக்கிறார். அப்படிப்பட்ட சொல் நாகப்பட்டினத்திலே கப்பலேறிப் பினாங்கிலே இறங்குவதற்குள் பொருள் மாறிப் போயிற்று. கூலி வாங்குகிறவன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கூலி என்றே சொன்னார்கள். வாங்கும் காசின் பெயரை வாங்குகிற ஆளுக்கே சூட்டினார்கள். ஆங்கிலேயர் வழங்கிய அந்தச் சொல் குஜராத்தின் கோலி வகுப்பாருடைய பெயரிலிருந்து பிறந்தது என்று வாதிக்கும் ஆராய்ச்சியாளரும் உளர். இருக்கட்டும். எந்த வேரிலிருந்து முளைத்திருந்தாலும் அதன் முள் தைத்தது நம்முடைய காலில்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ரப்பர்த் தோட்டத்து வாசகர்களில் பலர் எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் படத்திலே பார்த்திருப்பார்கள். ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-ல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். இன்று அப்படியில்லை. வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் கத்தரியும் கூடையுமாக மலையேறுகிறார்கள். இரண்டு பேர் சுமந்து வெட்டும் இயந்திரம் அவர்கள் தோளில் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். போனது நல்லதே.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் சங்கக் கூட்டம் ஒன்று நடந்தது. வெளிநாட்டுத் தொழிலாளரையும் உறுப்பினராகச் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இந்தப் பங்களா கூலிகளையெல்லாம் உள்ளே விட்டால் நமக்கு என்னப்பா மரியாதை?" என்று கேட்டார். நல்ல மனிதர். சங்கத்துக்காக வேலை இழந்தவர். அவருடைய தாயாரைப் பெரட்டுக் களத்தில் அதே சொல்லால்தான் அழைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து எவ்விதத் தடையுமின்றி வந்தது. கூட்டத்திலே நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

ஒரு சொல்லைத் தன் தலையிலிருந்து இறக்கி இன்னொருவன் தலையில் ஏற்றிவிட்டால் தனக்கு விடுதலை கிடைத்துவிட்டதாக மனிதன் எண்ணிக்கொள்கிறான். இது நமக்கு மட்டும் உள்ள நோயன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆரம்பகாலச் சரித்திரத்தைப் படித்தால் இந்த நோய் எங்ஙனம் உண்டாக்கப்பட்டது என்பதே தெளிவாகத் தெரியும். உண்டாக்கப்பட்டது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அது தானாக வந்ததல்ல.

அமெரிக்காவில் வர்ஜீனியா என்ற பிரதேசத்தில் புகையிலைத் தோட்டம் போட்டவர்கள் முதலில் ஆள் பிடித்தது இங்கிலாந்தின் ஏழைகளை. கப்பல் கட்டணம் கொடுக்க வழியற்றவன் நாலு வருஷம், ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுவான். அந்தப் பத்திரத்துக்கு இன்டென்சர் என்று பெயர். பல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒரே தாளில் இரண்டு பிரதி எழுதி, நடுவே ரம்பப் பல் போல வளைத்து நறுக்கி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள். பிறகு வழக்கு வந்தால் இரண்டு பாதியும் பல்லோடு பல் பொருந்த வேண்டும். ஆள் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிய முதலாளிக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கிடைத்தது. அதற்குத் தலையுரிமை என்றே பெயர்.

தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. நம்முடைய கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. காலையில் பெரட்டில் எத்தனை தலை நிற்கிறதோ அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு. கங்காணி என்ற சொல்லும் கண்காணி என்பதன் திரிபுதான். கண்ணால் கண்டு காவல் செய்பவர். உரிமம் வாங்கிக்கொண்டு தம் சொந்த ஊருக்கே போய், அத்தை மகனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் அழைத்து வந்து, அதே ஆட்களுக்கு மேலே காவலாகவும் நின்றார். இங்கே 1910-ல் ஒப்பந்த முறைக்குத் தடை வந்ததும் கங்காணி முறைதான் முழுதும் அந்த இடத்தைப் பிடித்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்திய வரையில் அது நடந்தது. பத்திரத்தில் கட்டிப்போட்டதை விட உறவில் கட்டிப்போட்டது பலமான கட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்திரத்துக்கு மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று முடிவு தேதியாவது உண்டு. மாமனுக்குப் பட்ட கடனுக்கு முடிவு தேதி ஏது?

இலங்கையிலே இந்தக் கடனுக்குத் துண்டு என்று பெயர். கங்காணியிடம் தொழிலாளி பட்ட கடனைச் சிறு தாளில் எழுதி வைப்பார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தத் தோட்டம் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்டுச் சந்தையில் கைமாறுவதற்கும் இதற்கும் எத்தனை தூரம்? 1921-ல் அங்கே சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். பீஜித் தீவிலும் நேட்டாலிலும் ஒப்பந்தத்துக்குக் கிரிமிட் என்று பெயர். அக்ரிமெண்ட் என்ற ஆங்கிலச் சொல் உழைப்பாளியின் நாவில் அப்படித் தேய்ந்தது. தான் கைநாட்டு வைத்த பத்திரத்தின் பெயரைக்கூடச் சரியாக அறியாத மனிதனை அந்தப் பத்திரம் ஐந்து வருஷம் கட்டிப்போட்டது.

நிற்க, வர்ஜீனியாவுக்குத் திரும்புவோம். அங்கே 1619-ல் ஆப்பிரிக்கர்களையும் கொண்டுவந்து இறக்கினார்கள். தொடக்கத்தில் ஒப்பந்த வெள்ளையனும் ஆப்பிரிக்கனும் ஒரே வயலில் நின்றார்கள், சில சமயம் ஒன்றாகவே தப்பி ஓடினார்கள். 1676-ல் பேக்கன் என்பவர் தலைமையில் கலகம் எழுந்தபோது இரண்டு வகையாரும் ஒரே பக்கம் ஆயுதம் ஏந்தி நின்றனர். அந்தக் கலகத்துக்கு நல்ல நோக்கங்களே இருந்தன என்று நான் சொல்லவில்லை. செவ்விந்தியக் குடிகளின் நிலத்தைப் பிடுங்கும் ஆசையும் அதில் கலந்திருந்தது. ஆயினும் வெள்ளை ஏழையும் கறுப்பு ஏழையும் கைகோத்து நின்ற காட்சி தோட்ட முதலாளிகளுக்குப் பெருங்கவலையைக் கொடுத்தது. பின்னர் 1705-ல் வர்ஜீனியா சட்டசபை வேலையாள், அடிமை என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவே பெரிய மதில் ஒன்றைக் கட்டியது. கிறிஸ்தவ வெள்ளை வேலையாளை நீதிபதியின் உத்தரவின்றி உடை களைந்து சாட்டையால் அடிக்கக் கூடாது என்று அச்சட்டம் விதித்தது. அடிமைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

யோசித்துப் பாருங்கள். வெள்ளை ஏழைக்குக் கொடுத்தது நிலமல்ல, சம்பள உயர்வல்ல. "நீ அவனல்லன்" என்ற ஒரு சொல்லைக் கொடுத்தார்கள். அவனும் அதைப் பெரிய சொத்தாக மடியிலே முடிந்துகொண்டான்.

நூறு வருஷத்துக்கு மேல் கழிந்து, சுதந்திரம் பெற்ற அமெரிக்காவிலும் அந்தச் சொத்து செல்லுபடியாயிற்று. பிரான்சஸ் டிரொல்லொப் என்ற ஆங்கில மாது அங்கே சில வருஷம் வாழ்ந்துவிட்டு 1832-ல் ஒரு நூல் எழுதினார். வீட்டு வேலை செய்யும் வெள்ளைப் பெண்ணை வேலைக்காரி என்று சொல்லிவிட முடியாது, உதவி என்றுதான் சொல்ல வேண்டும் என்று அதிலே குறிப்பிடுகிறார். எஜமான் என்று சொல்லவும் அவர்கள் மறுத்தார்கள். டச்சு மொழியிலிருந்து பாஸ் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகமெல்லாம் பாஸ், பாஸ் என்று அழைக்கிறதே, அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்த கதை இது. எஜமான் என்று அழைப்பது அடிமையின் வேலை, நாங்கள் அடிமைகள் அல்லர் என்பது அவர்களுடைய வாதம். சுயமரியாதை என்று முதலில் பாராட்டத் தோன்றும். ஆனால் அவர்கள் உதறிய சொல் தரையில் விழவில்லை. பருத்திக் காட்டில் குனிந்து நின்றவன் முதுகிலே போய் உட்கார்ந்தது.

எங்கள் கூட்டத்தில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியும் இதே ரகம்தான்.

பெயர் மாற்றத்தால் மட்டும் எதுவும் ஆகிவிடாது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இதற்கு அமெரிக்க அரசியல் சட்டத்தை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 1776-ல் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று பிரகடனம் செய்தவர்கள், 1787-ல் அரசியல் சட்டம் எழுதியபோது அடிமை என்ற சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை. அடிமைகள் இல்லை என்பதாலா? லட்சக்கணக்கில் இருந்தார்கள்! "ஏனைய நபர்கள்" என்று எழுதினார்கள். "வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்" என்று எழுதினார்கள். பேனா கூசியது, கை கூசவில்லை. அந்தச் சட்டத்தில் அடிமைத்தனம் என்ற சொல் முதன்முதலில் வந்தது 1865-ல், அதை ஒழித்த 13-ஆவது திருத்தத்திலேதான். உள்ளதை உள்ள பெயரால் எழுதிய அன்றைக்குத்தான் அதை ஒழிக்கவும் முடிந்தது.

அந்த "ஏனைய நபர்கள்" என்ற ஷரத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று தீர்மானிக்கத் தலை எண்ணும்போது, ஐந்து அடிமைகளை மூன்று ஆளாகக் கணக்கிட வேண்டும். அடிமைக்கு ஓட்டு இல்லை. அவன் தலையை எண்ணிக் கிடைத்த ஆசனத்தில் அவனுடைய எஜமான் உட்கார்ந்தான். இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத்துப் பழைய சம்பளக் கணக்கு நினைவுக்கு வந்தது. 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதாவது அங்கே அடிமை ஐந்தில் மூன்று, இங்கே நம் தாய்மார் ஐந்தில் நாலு. அது ஓட்டுக் கணக்கு, இது சம்பளக் கணக்கு; அடிமை வேறு, சம்பளத்துக்கு உழைப்பவர் வேறு. இரண்டையும் ஒன்றென்று சாதிக்க நான் வரவில்லை. ஒரு முழு மனிதப் பிறவியைப் பின்னத்தில் எழுதுவதற்குப் பேனா பிடித்தவனுக்குக் கூச்சமில்லாமல் போனது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்த 50-ஐயும் 40-ஐயும் தீர்மானித்தவர் யார்? 1907-ல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்றக் குழு. அதிலே அதிகாரிகள் இருந்தார்கள், துரைமார் இருந்தார்கள். பால்வெட்டுக் கத்தி பிடித்த கை ஒன்றுகூட அந்த மேசைக்கு வந்ததில்லை. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று 1760-களில் அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் ஆங்கில மன்னனை எதிர்த்து முழங்கினார்களே, அதே முழக்கத்தை நம்மவர் வேறு வார்த்தையில் முழங்க 1941 வரை ஆயிற்று.

1941-ஆம் வருஷத்துக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி இந்தத் தலைமுறைக்கு அதிகம் சொல்லப்படுவதில்லை. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தில், சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல், பேச்சுரிமை, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு என்று பல கோரிக்கைகள் இருந்தன. அவற்றோடு ஒன்று: துரையும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சம்பளத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கேட்டார்களே என்று அன்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். கேட்டவனுக்குத் தெரியும், இரண்டும் ஒரே கோரிக்கை என்று. காலைக் கீழே ஊன்றி இறங்குகிறவனுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் போதும் என்று எண்ணுகிறவர்கள் அவர்கள். நாதனை நாடு கடத்தினார்கள். மே மாதம் பட்டாளம் வந்து சுட்டது. ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர்.

ஆசிய உத்தியோகஸ்தர் என்று அந்தக் கோரிக்கையில் வருகிறதே, அது யார்? கிராணிமார்தாம். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் என் சக எழுத்தர்கள் அந்த வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டுகிறேன். கிராணியார் என்ற மரியாதைப் பெயரும், தனி வீடும், தனிச் சங்கமும் நமக்கு இருந்தன. துரை வெள்ளையாய் இருந்தபோது அவர் பேச்சைத் தமிழாக்கித் தொழிலாளியின் காதிலே போட்டவர்கள் நாம். வெள்ளைத்துரை சொல்லாத சொற்களையும் சேர்த்துப் போட்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள். இன்று துரை என்று ஒருவருமில்லை, மேனேஜர் இந்நாட்டவர். எனினும் எங்கள் மலையிலே பெரிய துரை, சின்னத் துரை என்ற அழைப்பு இன்றைக்கும் கேட்கிறது. அழைக்கப்படுகிறவர் வேண்டாமென்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கூலி என்ற சொல் எப்படித் தொழிலாளி என்று மாறிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அதை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. 1929-ல் பெரியார் ஈ. வெ. ரா. மலாயா வந்து சுயமரியாதை பேசிவிட்டுப் போனார். 1935-ல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். 1937-ல் நேரு வந்தார், சங்கமாகக் கூடுங்கள் என்றார். யுத்தத்துக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 1954-ல் ஐந்து சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அமெரிக்காவில் மாநிலங்கள் கூடினால் யூனியன், இங்கே மரம் வெட்டுவோர் கூடினாலும் யூனியன். ஒற்றுமை என்ற ஒரே பொருள். தொழிலாளி என்ற சொல் அந்தச் சங்கத்துச் சந்தா ரசீதில் அச்சாகி வந்தபோது, வீட்டிலே சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டி வைத்தவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தொழிலாளி ஆனோம், பிரஜை ஆனோமா? அது வேறு கதை. 1957 ஆகஸ்டு 31-க்குப் பின் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்று விதித்தார்கள். 1962 அக்டோபருக்குப் பின் அதற்கும் நிபந்தனை வந்தது. அதற்கு முன் பிறந்தவரும் வந்து குடியேறியவரும் மனுச் செய்ய வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே பிறந்து தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவனிடம் பிறந்த சீட்டு எங்கே என்று கேட்டால் அவன் எதைக் காட்டுவான்? சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்துவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில். 1969 மே கலவரத்தையடுத்து, பிரஜை அல்லாதவர் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர் கப்பலேறி இந்தியா திரும்பினர். ரஜூலா கப்பலில் வந்த குடும்பம் ரஜூலா கப்பலிலேயே போனதும் உண்டு. 2011-ல் அரசாங்கம் மைடாஃப்தார் என்ற இயக்கம் நடத்தி, பத்திரமில்லாத இந்தியரைத் தேடிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது என்றால், சுதந்திரம் வந்து 54 வருஷத்துக்குப் பின்னும் அந்தக் கணக்கு தீரவில்லை என்றுதானே பொருள்?

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தார் பட்ட பாடு இதனினும் கொடிது. 1948-ல் ஒரே சட்டத்தால் அவர்களை நாடற்றவர் ஆக்கினார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு முழுக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003-ல். அமெரிக்காவில் 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில், ஆப்பிரிக்க வம்சத்தவர் அந்நாட்டுப் பிரஜையாக முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிற்று; உள்நாட்டு யுத்தம் ஒன்று நடந்து முடிந்த பிறகு, 1868-ல், அந்த மண்ணில் பிறந்தவர் பிரஜை என்று 14-ஆவது திருத்தம் எழுதினார்கள். அங்கே 11 வருஷம், இலங்கையில் 55 வருஷம். குடிமகன் என்ற சொல்லை வைத்துக் கேலி பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. நாட்டுக்குக் குடிமகன் ஆக்கும் முன்னே தோட்டத்துக்குள் கள்ளுக்கடையைத் திறந்து வைத்தவர்கள் யார் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்லட்டும்.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். எங்கள் மலைக்கு வருகிற வங்காள தேசத்து இளைஞன் எப்படி வருகிறான்? ஊரிலே ஓர் ஏஜெண்டு. அவனுக்கு மேலே இன்னொரு ஏஜெண்டு. நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, அந்த ஏஜெண்டின் கையிலே கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறான். இங்கே வந்தபின் முதல் வருஷச் சம்பளமும் அதற்கு மேலும் அந்தக் கடனுக்கே போகிறது. இடையில் வேலை பிடிக்காவிட்டால் வேறு முதலாளியிடம் போக அவன் கையில் இருக்கும் உரிமம் இடங்கொடாது. பல இடங்களில் கடப்பிதழும் அவனிடம் இல்லை. பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் வருஷத்துக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பது அவனுக்குத் தெரியாது, நம்மில் பலருக்கும் தெரியாது. ஏஜெண்டு என்ற இடத்தில் கங்காணி என்று எழுதுங்கள். கடன் என்ற இடத்தில் துண்டு என்று எழுதுங்கள். விமானத்தைக் கப்பலாக்குங்கள். நம் பாட்டனார் கதையாகிவிடும்.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா, இந்நாட்டின் பெரிய ரப்பர்க் கையுறைக் கம்பெனி ஒன்றின் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. தொழிலாளர் கடனுக்குக் கட்டுண்டு வேலை செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. கட்டாய உழைப்பால் ஆன பொருளை நாட்டுக்குள் விடுவதில்லை என்று அவர்கள் 1930-லேயே சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னர் அந்தக் கம்பெனி தொழிலாளருக்கு ஏஜெண்டுக் கட்டணமாக 13 கோடி வெள்ளிக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ரப்பர் மரத்தடியில் நிற்கும் வாசகர்களே, உங்கள் மரத்துப் பால் கடைசியில் போய்ச் சேருகிற தொழில்தான் அது.

சொல்லை மாற்றிவிட்டு நிலையை அப்படியே வைக்கும் தந்திரமும் இங்கே நடக்கிறது. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்துக்கு 2022-ல் செய்த திருத்தம் 2023 ஜனவரி முதல் அமுலில் இருக்கிறது. அதன்படி வீட்டு வேலைக்காரர் என்ற சொல் நீங்கி வீட்டுப் பணியாளர் என்ற சொல் வந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணியாளருக்கு வேலை நேர வரம்பும் வார ஓய்வும் அந்தச் சட்டத்தின்படி முன்பு இல்லை, இப்போதும் இல்லை. குறைந்தபட்சச் சம்பள உத்தரவு 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது அதுவும் அவர்களை எட்டவில்லை. அமெரிக்காவிலே "ஏனைய நபர்கள்" என்று எழுதிய கைக்கும் இதற்கும் சொந்தம் உண்டு. ஆகவே கூலி என்று சொல்லாதே, தொழிலாளி என்று சொல் என்று நான் வாய் உபதேசம் செய்ய வரவில்லை. சொல்லோடு சம்பளமும் சந்தாவும் ஓட்டும் சேர்ந்து மாற வேண்டும்.

செக்ரோல் எழுதும் எழுத்தர்களால் இதில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல ஆபீசுகளில் வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரைப் பாதியாக வெட்டி, அல்லது வெறும் நம்பராக, எழுதும் பழக்கம் இருக்கிறது. பழைய செக்ரோல்களில் நம் பாட்டிமாருடைய பெயரையும் அப்படித்தான் எழுதினார்கள். கங்காணி பெயர் முழுதாக இருக்கும், கீழே மூன்று முனியம்மாக்களுக்கு மூன்று நம்பர் இருக்கும். பின்னால் பிறந்த சீட்டும் குடியுரிமையும் தேடி அலைந்தபோது அந்தப் பாதிப் பெயர் எத்தனை குடும்பத்துக்குத் தடையாய் நின்றது என்பதைப் பதிவு இலாகா வாசலில் காத்திருந்தவர்களைக் கேளுங்கள். கடப்பிதழில் உள்ளபடி முழுப்பெயரை எழுத நமக்கு அரை நிமிஷம் அதிகம் ஆகும். துரையின் உத்தரவு அதற்குத் தேவையில்லை.

வெளிநாட்டார் சங்கத்தில் சேரச் சட்டம் தடையாக இல்லை என்பதையும் அந்தக் கூட்டத்தில் பலர் அறிந்திருக்கவில்லை. சந்தா குறையும், ஆள் குறையும் என்று புலம்புகிற கிளைகளுக்குப் பக்கத்து லயத்திலேயே ஆள் இருக்கிறது. அவர்கள் பயப்படுகிறார்கள் என்றால் அது இயற்கை. சேர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் 1941-ல் நம்மவருக்கும் இருந்தது, காரணத்தோடுதான் இருந்தது. அவர்கள் வந்து சேர்ந்தால் சம்பளம் இறங்கும் என்று சொல்வோருக்கு என் பதில், அவர்கள் சேராமல் வெளியே நிற்பதால்தான் இறங்குகிறது. 1,700 வெள்ளிக்குக் கீழே கையெழுத்து வாங்கக்கூடிய ஆள் பக்கத்தில் இருக்கும் வரையில் நமக்கு 1,700-க்கு மேலே கேட்க என்ன பலம் இருக்கிறது? சீனத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், தமிழனுக்கு ஒரு சம்பளம் என்று வைத்து இருவரையும் தனித்தனியே பேரம் பேசிய காலத்தை நாம் கண்டிருக்கிறோம்.

எங்கள் கிளையின் அடுத்த கூட்டத்தில், உறுப்பினர் மனுப் படிவத்தை வங்காளத்திலும் நேப்பாளியிலும் இந்தோனேசிய மொழியிலும் அச்சிட வேண்டும் என்ற தீர்மானத்தை நான் கொண்டு வருகிறேன். செலவு பெரிதல்ல; மொழிபெயர்த்துக் கொடுக்க லயத்திலேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பு மரியாதையைப் பற்றிக் கேட்ட பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எதிர்த்துப் பேசுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். மற்றக் கிளைகளிலும் இதைப் பேசித் தீர்மானத்தை மாநிலக் குழுவுக்கு எழுதி அனுப்புமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.